மூங்கிலுக்குள் ஒரு கறுப்புத் தகடு

திம்பு
6 பிப்ரவரி 1995

அன்புத் தம்பி கெம்போவுக்கு,

அக்கா கெசாங் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். விரல் வெடிப்பு மட்டும் குளிர் போகிறவரை போகாது. வார்டில் நாளைக்கு நாற்பது தடவை கை கழுவினால் வேறென்ன ஆகும்? அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? மருந்துப் புட்டியை அடுப்புப் பக்கத்தில் வைக்க வேண்டாமென்று சொல்.

நீ கேட்ட பொருளை லாரிக்காரர் தின்லேயிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சக்கரம் வைத்த வெளிநாட்டு வில்லின் உடைந்த கை, அதாவது வளைகிற பாகம். எங்கள் வார்டில் படுத்திருந்த ஓர் அதிகாரியுடையது. அவர் தூக்கிப்போடச் சொன்னதை நான் எடுத்து வைத்தேன். கறுப்பாக, தகடு மாதிரி இருக்கிறது. இரும்புமில்லை, மரமுமில்லை. வளைத்தால் கையை உதறிக்கொண்டு திரும்புகிறது. பார்த்துவிட்டு மூலையில் போடு. லோசார் புத்தாண்டு வில் போட்டிக்கு மூங்கில் தவிர எதுவும் கூடாதென்று நம் ஊர் யூரங்கும் எதிரணி ஊர் தாங்சியும் கோயில் வாசலில் சொல்லி வைத்ததை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

போன வருஷம் நீ முன்னால் ஒரு குட்டி வில்லைக் கட்டி இரட்டை வில் கொண்டுபோனாயே, அப்போது தாங்சி நிடுப் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "யூரங்காரனை வில்லு கொண்டாடான்னா வெண்ணெய் கடையற மத்தைக் கொண்டாந்திருக்கான்!" ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த வருஷமாவது ஒழுங்கான வில்லோடு போ.

அம்மாவைப் பார்த்துக்கொள்.
அக்கா கெசாங்

*

யூரங்
11 மார்ச் 1995

அன்புள்ள அக்கா,

அம்மா நலம். மருந்தை அலமாரிக்கு மாற்றியாயிற்று. உன் கைக்கு வெண்ணெய் தடவு.

லோசார் போட்டியில் ஜெயித்துவிட்டோம். ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. குறிப்பலகையில் நான் ஆறு அம்பு ஏற்றினேன். அம்புக்கு ஒன்றாக இடுப்பில் ஆறு வண்ணத் துணி கட்டினார்கள். பெண்கள் என்னைச் சுற்றி ஆடினார்கள்.

கடைசிக்கு முந்தின சுற்றில் ஒரு விபத்து நடந்துவிட்டது. நிடுப் பலகைக்குப் பக்கத்தில் நின்று வழக்கம்போலக் கேலி பேசிக்கொண்டிருந்தார். அவர் எப்படி நிற்பாரென்று உனக்குத் தெரியும். அம்பு வருகிறபோதும் நகரமாட்டார். கடைசி நொடியில்தான் ஒரு தாண்டு தாண்டி விலகுவார். முப்பது வருஷமாக அப்படித்தான். இந்தத் தடவை விலகவில்லை. அம்பு முழங்காலுக்குக் கீழே எலும்பில் இறங்கிவிட்டது. கொஞ்சம் குடித்திருந்தார் என்று அவர்கள் ஊர்க்காரர்களே சொன்னார்கள். பலகைக்கு ரொம்பக் கிட்டத்தில் நின்றாராம்.

அம்பு என்னுடையது.

வாங்டி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திம்புவுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். உன் வார்டுக்கு வந்தால் கொஞ்சம் கவனித்துக்கொள்.

கெம்போ

*

திம்பு
20 மார்ச் 1995

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

நிடுப் என் வார்டில்தான் இருக்கிறார், ஜன்னலோரக் கட்டில். எலும்பு பிளந்திருக்கிறது, சீழும் வைத்துவிட்டது. காலை எடுக்க வேண்டியிருக்காதென்று டாக்டர் சொல்கிறார். ஆனால் முழங்கால் இனி மடங்காது.

அவர் மனைவி சேதென் கூடவே இருக்கிறார், வார்டில் எல்லாரும் மரியாதையாக 'ஆம் சேதென்' என்று கூப்பிடுகிறோம். நான் யாரென்று சொன்னதும் நிடுப், "ஓகோ, மத்து செஞ்சவனோட அக்காவா! உந்தம்பி நல்லாத்தான் எய்யறான், நாந்தான் கெட்டுப்போயிட்டேன்" என்றார். காயத்தைக் கழுவும்போது கத்துவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் ஊர்க் கதை கேட்கிறார்.

ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். "அம்பு கையை விட்டதைப் பார்த்தேன் பொண்ணே. இன்னும் நேரமிருக்குன்னுதான் நெனச்சேன். ரெண்டு குவளைதான் குடிச்சேன். ரெண்டு குவளைக்கா கண்ணு இப்படிப் போகும்?" ஆம் சேதென் உடனே, "ரெண்டா, நாலா? வயசானா அடங்கணும்" என்கிறார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

இந்த வருஷம் எந்த வில்லால் எய்தாய்? நீ எழுதவே இல்லையே. புது வில் என்றால் இரண்டு பக்கத்துக்கு வர்ணிப்பாயே!

அக்கா

*

யூரங்
4 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்கா,

இங்கு எல்லாரும் நலம். அம்மா வயலுக்குக்கூட வருகிறாள்.

பாலாடைக்கட்டி ஒரு மாலையும் தேன் ஒரு புட்டியும் தின்லேயிடம் அனுப்பியிருக்கிறேன். தேன் நிடுப்புக்கு. நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம், நீ வாங்கியதாகவே இருக்கட்டும்.

அவர் எழுந்து நிற்கிறாரா? வலியில் தூங்குகிறாரா? அம்பைப் பற்றி வேறு ஏதாவது சொல்கிறாரா? அந்த அம்பின் முனை எங்கே இருக்கிறது, ஆஸ்பத்திரியிலா, அவர்களிடமா?

உருளைக்கிழங்கு நடவு நடக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கெம்போ

*

திம்பு
22 ஏப்ரல் 1995

அன்புத் தம்பிக்கு,

தேன் கிடைத்தது. நீ கொடுத்ததென்றுதான் சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. நிடுப்புக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் தாங்சியிலிருந்து நாலு பேர் பார்க்க வந்தார்கள். பேச்சுக்கு நடுவில் ஒருவர், "அடுத்த வருஷம் பலகைகிட்ட வேற ஆளை நிறுத்தலாம்னு முடிவு பண்ணிட்டோம். நீங்க வீட்ல இருந்து பாருங்க" என்றார். இவர் தலையாட்டினார். அவர்கள் போனபிறகு என்னிடம், "சரியாத்தான் சொல்றாங்க. கண்ணு பொய் சொன்னா அப்புறம் அங்க நிக்கக் கூடாது" என்றார். சாமி படத்துக்கு முன்னால் இனி குடிப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். இப்போது கட்டிலிலிருந்து இறங்கும்போதுகூட தரை எங்கே என்று மனைவியைக் கேட்கிறார். அவர் கண்ணில் ஒரு குறையுமில்லை. நானே கண் டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். நம்பமாட்டேன் என்கிறார்.

உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பெருவிரல் ரேகை அவருடையது.

அக்கா

*

(உடன் வைத்திருந்தது)

யூரங் கெம்போவுக்கு, தாங்சி நிடுப் சொல்லி எழுதறது.

நீ நல்லாருக்கியா? உங்கம்மா நல்லாருக்காங்களா? நான் உங்க அக்கா புண்ணியத்துல நல்லாருக்கேன்.

ஆறு அம்பு ஏத்தினே. உங்க ஊருக்கு ஏழு வருஷத்துல கெடைச்ச சந்தோஷம். அதுல நான் ரத்தத்தைக் கொட்டி வெச்சிட்டேன். நல்ல நாளும் அதுவுமா உன் அம்புக்கு ஒரு பழி வந்திடுச்சு. எந்த எளவட்டத்துக்கும் அப்படி வரக் கூடாது. தப்பு என்னோடது. வயசானவன், குடிச்சிட்டு நிக்கக் கூடாத எடத்துல நின்னேன். நீ மனசுல வெச்சுக்காத. இதுக்காக வில்லைக் கீழ வெச்சிடாத.

போன வருஷம் உன் வில்லை மத்துன்னு சொன்னேன். அதையும் மன்னிச்சிரு. கேலிதான், வேறொண்ணுமில்ல.

தேன் நல்லா இருந்துச்சு.

*

திம்பு
28 மே 1995

தம்பிக்கு,

அம்மா உடம்பு எப்படி? உன் உடம்பு எப்படி? ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தின்லே இரண்டு முறை யூரங் வழியாக வந்திருக்கிறார். "கெம்போவை வீட்ல காணோம், கூப்பிட்டா பின்வாசல் வழியா போயிடறான்" என்கிறார்.

நிடுப் தினமும் கேட்கிறார். "உந்தம்பி பதில் போட்டானா?" நடவு, களையெடுப்பு என்று ஏதோ சொல்கிறேன். "கோவமாத்தான் இருப்பான், இருக்கட்டும்" என்கிறார். ஆறு அம்பு ஏற்றியவன் கோபப்பட என்ன இருக்கிறது, கெம்போ?

நேற்று அவர் ஊன்றுகோலோடு பத்தடி நடந்தார். நானும் ஆம் சேதெனும் கைதட்டினோம். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. ஒரு விஷயம் கேட்கிறேன், நேராகச் சொல். நான் அனுப்பிய அந்தக் கறுப்புத் தகடு எங்கே?

கெசாங்

*

யூரங்
12 ஜூன் 1995

அக்கா,

அம்மா நலம். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தகடு வில்லுக்குள் இருக்கிறது. வில் மாட்டுக்கொட்டகைக் கூரைக்குமேல் வைக்கோலுக்கடியில் இருக்கிறது.

அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சீவி, மூங்கில் பட்டைகளுக்கு நடுவில் வைத்து ஒட்டினேன். ஓரம் தெரியாமல் நூல் சுற்றி மெழுகு பூசினேன். யார் கையில் எடுத்துப் பார்த்தாலும் மூங்கில்தான். போட்டிக்கு முன்னால் தாங்சிப் பெரியவரே கையில் வாங்கிப் பார்த்தார். "இந்த வருஷந்தான் மனுஷன் மாதிரி வில்லு செஞ்சிருக்க" என்று முதுகில் தட்டினார்.

இதுவரை பதினோரு வில் செய்திருக்கிறேன் அக்கா. ஒரு கை நீண்டது, நுனி வளைந்தது, இரட்டை வில், எல்லாம் என் தலையில் பிறந்தவை. ஒன்றாவது பலகையைத் தொட்டதில்லை. தொட்ட ஒன்று என்னுடையது இல்லை.

நீ இன்னும் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு கோதுமைக் காட்டில் எய்து பார்த்தேன். அம்பு கல்சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. எவ்வளவு சீக்கிரம் போகிறதென்று எனக்குத் தெரியும். நிடுப் எப்படி நிற்பார், எப்போது தாண்டுவார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் பயந்து விழ வேண்டும், எல்லாரும் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். மத்து என்றாரே, அதற்காக. காலில் பட வேண்டுமென்று நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் விலகச் சொல்லி ஒரு வார்த்தை கத்தவுமில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர்கள் ஊர்க்காரன் ஒருவன்தான் முதலில் வாய் திறந்தான். "குடிச்சிட்டு நிக்கறான்யா கெழவன்." அந்தச் சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அதற்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் கடிதத்தைப் பாதிவரைதான் படிக்க முடிந்தது. மீதியைப் பத்து நாள் கழித்துப் படித்தேன்.

ஊரில் என்னை இப்போது 'ஆறம்பு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இனி வில்லைத் தொடமாட்டேன். அவரிடம் நீயே சொல்லிவிடு அக்கா. உன் வாயால் சொன்னால் தாங்கிக்கொள்வார்.

கெம்போ

*

திம்பு
3 ஜூலை 1995

கெம்போ,

அம்மாவின் மருந்தைத் தனியாக அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை மருந்தறையில் நின்று படித்தேன். பிறகு அவருக்குக் கட்டு மாற்றப் போனேன். அவர் வழக்கம்போல, "தம்பி எழுதினானா?" என்றார். "இல்லை" என்றேன். பொய் சொல்ல வராதென்று உனக்கு எழுதியவள் நான். ஒரு நொடிகூடத் தடுமாறாமல் வந்தது.

அன்றிலிருந்து தினமும் சொல்கிறேன். அவர் கண்ணைப் பார்க்காமலிருக்க, கட்டுப்போடும் வேலையை இன்னொரு பெண்ணுக்கு மாற்றிவிட்டுவிட்டேன். "எம்மேல என்ன கோவம் பொண்ணே?" என்று கேட்கிறார். தகட்டைக் குப்பையிலிருந்து எடுத்தவள் நான். என் அலமாரியில் வைத்திருந்து உனக்கு அனுப்பியவள் நான். அதை அவரிடம் நான் சொல்வேன், என் பங்கை. உன் பங்கை நான் சொல்ல மாட்டேன். நீ மூன்று மாதம் சுமக்க முடியாததை ஒரு கடிதத்தில் கட்டி என் தலையில் வைத்தால் இறங்கிவிடுமா?

அவரை இந்த மாதக் கடைசியில் அனுப்புகிறார்கள். அதற்கு முன் நீ இங்கே வா. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல். வில்லைத் தொடமாட்டேன் என்பதை எனக்கு எழுதாதே. அதனால் அவருக்கு என்ன?

கெசாங்

*

திம்பு
31 ஜூலை 1995

கெம்போ,

நீ வரவில்லை. இன்று காலை அவரை அனுப்பிவிட்டார்கள். வண்டியில் ஏறும்போது படியைக் காட்டி, "இது எவ்வளவு ஒசரம்?" என்று கேட்டார். ஒரு சாண் உயரப் படி. நான் கையைப் பிடித்து ஏற்றினேன்.

என் பங்கைச் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. உன்னைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாதென்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நாம் இருவரும் ஒரே தாய் பிள்ளைகள்தான், சந்தேகமே இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதத்தான் வருகிறது.

கெசாங்

*

யூரங்
24 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்கா,

அம்மா நலமாக இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. ஏனென்று இந்தக் கடிதத்தில் இருக்கிறது. உன் உடம்பு எப்படி?

ஜூலையில் நான் புறப்பட்டது நிஜம். வாங்டிவரை வந்தேன். பஸ் நிறுத்தத்தில் தேநீர் குடித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். திரும்பிவிட்டேன். உன் கடைசிக் கடிதம் வந்தபிறகு நாலு நாள் வெளியே போகவில்லை. ஐந்தாம் நாள் வைக்கோலுக்கடியிலிருந்து வில்லை எடுத்துக்கொண்டு தாங்சிக்குப் போனேன்.

அன்று அவர்கள் மைதானத்தில் பழகிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்க்காரர்கள்கூட மூன்று பேர் இருந்தார்கள். நிடுப் ஓரத்தில் ஒரு கட்டையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஆம் சேதென். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாடா ஆறம்பு! கோவம் போச்சா?"

நான் கத்தியை எடுத்து வில்லின் நூலை அறுத்தேன், பிடிக்கு மேலே ஒரு சாண் அளவு. மெழுகைச் சுரண்டி அவர் மடியில் வைத்தேன். மூங்கிலுக்கு நடுவே அந்தக் கறுப்புக் கோடு தெரிந்தது. பிறகுதான் சொன்னேன். எல்லாவற்றையும், கோதுமைக் காட்டையும், கத்தாமல் நின்றதையும், ஏன் நின்றேன் என்பதையும் சொன்னேன். தகட்டை நீ கொடுத்ததையும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டாமென்று தோன்றியது. ஆனால் ஒன்றை மறைத்தால் எல்லாவற்றையும் மறைத்த மாதிரிதான்.

தாங்சிக்காரன் ஒருவன் என் மேலங்கியைப் பிடித்து உலுக்கினான். தாங்சிப் பெரியவர், போட்டி செல்லாது, கோயிலில் இரண்டு ஊரும் கூட வேண்டும் என்று கத்தினார். நம் ஊர்க்காரர்கள் தலை குனிந்து நின்றார்கள். ஒருவர் என் காலருகில் துப்பினார். எல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். அதற்குத் தயாராகவே போயிருந்தேன்.

நிடுப் மட்டும் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஓய்ந்தபிறகு கேட்டார். "இன்னும் எய்யுமா இது?"

"எய்யும்."

"பலகைக்கு விடு. பக்கத்துல யாரும் நிக்க வேணாம்."

ஊன்றுகோலோடு பலகைப் பக்கம் நடந்தார். அது நானூறு அடிக்கு மேல் தூரம். எல்லாரும் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பலகைக்கு முப்பதடி தள்ளி, பாறைக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து கையைத் தூக்கினார்.

வில்லை இறக்கிவிட்டேன். "முடியாது ஆப் நிடுப்" என்று கத்தினேன்.

"என்னை அடிச்சப்ப முடிஞ்சுதே! விடுடா!"

முதலில் இன்னொருவருடைய மூங்கில் வில்லால் விடச் சொன்னார். விட்டேன். பிறகு என்னுடையதால். பிறகு மறுபடியும் மூங்கில், மறுபடியும் அது. ஒவ்வோர் அம்புக்கும் அவர் தலை இங்கிருந்து அங்கே திரும்புவது தெரிந்தது, மூங்கில் அம்புக்கு மெதுவாக, என்னுடையதற்கு வெடுக்கென்று. எட்டு அம்பு. அதற்குமேல் கேட்கவில்லை.

திரும்பி நடந்து வந்தார். மைதானத்துக்கு நடுவில் நீர் ஓடும் ஒரு சிறு வாய்க்கால் இருக்கிறதல்லவா? போகும்போது அதை ஆம் சேதென் கையைப் பிடித்துத்தான் தாண்டியிருந்தார். இப்போதும் அவள் கையைப் பிடிக்க ஓடினாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டு, கோலை ஊன்றி, விறைத்த காலோடு தானே தாண்டினார். தாண்டிவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு குவளைதான் குடிச்சேன்னு சொன்னேன்ல?"

ஆம் சேதென் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை மாதம் அவரைத் திட்டியதற்கு.

என்னிடம் வந்தபோது நான் காலில் விழப் போனேன். கோலால் தடுத்தார். "கால விடு. அது அம்பு வர்ற எடத்துல நின்ன கால், என்னைக்காவது படும்னு தெரிஞ்சுதான் நின்னேன். ஆனா அஞ்சு மாசம் என் கண்ணையே நான் நம்பலடா. சோத்துல கைய வெக்கறதுக்குக்கூட யோசிச்சேன். அதை எப்படித் திருப்பித் தருவ நீ?"

இனி வில்லைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வதாகச் சொன்னேன்.

அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"அதெல்லாம் வேணாம். வில்லைத் தொடாம வீட்ல உக்காந்தா, பாவம் நல்ல பையன், எவ்வளவு வருத்தப்படறான் பாருன்னு ஊரே சொல்லும். ஒனக்கு அது வசதி. லோசாருக்கு நான் பலகைகிட்ட நிப்பேன், தாண்ட முடியாட்டி பாறைக்குப் பின்னாடி நிப்பேன். நீ மூங்கில் வில்லோட வரணும். எங்க பொம்பளைங்க ஒன்னைக் கேலியாப் பாடறதைக் கேட்டுக்கிட்டு எய்யணும். நான் அங்க நிக்கறதைப் பார்த்துக்கிட்டே எய்யணும். வருஷா வருஷம்."

"மன்னிச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இன்னும் இல்ல" என்றார். வில்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கோயிலில் இரண்டு ஊரும் கூடின. வெற்றியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆறு துணிகளையும் நான்தான் எல்லார் முன்னாலும் அவிழ்த்து வைத்தேன். நம் ஊரில் யாரும் இப்போது என்னை ஆறம்பு என்று கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. தாங்சிப் பெண்கள் என்மேல் பாட்டுக் கட்டிவிட்டார்களாம். மாவரைக்கப் போன இடத்தில் அம்மா கேட்டுவிட்டு வந்து, மூட்டையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனாள். பாட்டு என்னவென்று நான் கேட்கவில்லை. எப்படியும் லோசாருக்குக் கேட்கப் போகிறேன்.

உனக்கு அவர் ஒரு செய்தி சொல்லச் சொன்னார். "உங்க அக்காகிட்ட சொல்லு. கட்டு மாத்தறதுக்கு வேற பொண்ணை அனுப்பினாளே, அந்தப் பொண்ணு கை ரொம்ப முரடு." அவ்வளவுதான் சொன்னார். சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

நேற்று மூங்கில் வெட்டக் கீழ்க்காட்டுக்குப் போனேன். இரண்டு நல்ல துண்டு கிடைத்தது. நிழலில் காய வைத்திருக்கிறேன். எல்லாரும் செய்கிற மாதிரி வில்தான், புதிதாக ஒன்றுமில்லை. லோசாருக்கு முடிந்துவிடும்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள் அக்கா. முடிந்தால் அவருக்கு எழுது.

உன் தம்பி
கெம்போ